இருமுகிற குதிரையை ஓட்டலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். 11 வயதுக் கத்தியவார் கலப்புக் குதிரை, அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கியது. ஒன்றரை வருடமாக இருமல், கொஞ்ச தூரம் ஓடினாலே மேல்மூச்சு. பார்த்த டாக்டர் இது நாள்பட்ட நுரையீரல் நோய், மனிதருக்கு வரும் ஆஸ்துமா மாதிரி என்று சொல்லியிருக்கிறார். "நல்லா ஓட்டு, சளி கழன்று நெஞ்சு திறந்துவிடும்" என்கிறார் ஒருவர். "இனிமேல் சேணமே போடாதே" என்கிறார் இன்னொருவர். ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் அந்தக் குளிர்காற்றில் சரியாகிவிடுமா என்பது கடைசிக் கேள்வி. இதற்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. ஓட்டம் இந்த நோயை வளர்க்குமா என்பது ஒன்று, குறைக்குமா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பதில் லாயத்தில் இருக்கிறது, ஓட்டத்தில் இல்லை. அது ஏன் என்றுதான் கீழே எழுதுகிறேன்.

சேலத்தில் 24 வருடமாகக் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். மாடும் ஆடும்தான் பெரும்பகுதி. கல்யாண ஊர்வலக் குதிரை, வண்டிக் குதிரை, ஆசைக்கு வளர்க்கும் குதிரை என்று இடையிடையே வரும். உங்கள் குதிரையை நான் பார்க்கவில்லை, அதன் நெஞ்சில் காது வைத்துக் கேட்கவில்லை. அதனால் மருந்தின் அளவு எதையும் இங்கே சொல்ல மாட்டேன். அது நேரில் பார்க்கிறவர் எழுத வேண்டியது.

இந்த நோய்க்குப் பெயர் பலமுறை மாறியிருக்கிறது. பழைய புத்தகங்களில் ஹீவ்ஸ் என்று இருக்கும். அப்புறம் மனிதர்களுக்குச் சொல்வதையே எடுத்து சி.ஓ.பி.டி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்றார்கள், இன்னும் பலர் சீட்டில் அப்படித்தான் எழுதுகிறார்கள். 2016 வாக்கில்தான் குதிரை ஆஸ்துமா என்ற ஒரே பெயருக்குள் லேசானது முதல் கடுமையானது வரை எல்லாவற்றையும் கொண்டுவந்தார்கள். பெயரைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், சி.ஓ.பி.டி என்றதும் புகைபிடித்துக் கெட்டுப்போன நுரையீரல் நினைவுக்கு வந்து, இனி ஒன்றும் ஆகாது என்று குதிரையை விற்றுவிடுகிறார்கள். குதிரையின் நோய் அப்படியல்ல. வைக்கோலில் இருக்கும் பூஞ்சை வித்துகளும் நுண்தூசியும் உள்ளே போகும்போது மூச்சுக்குழல்கள் சுருங்குகின்றன, உட்சுவர் வீங்குகிறது, கெட்டியான சளி அடைக்கிறது. தூசியை நிறுத்தினால் இதில் பெரும்பகுதி திரும்பி வரும். பல வருடம் கவனிக்காமல் விட்ட குதிரையில் குழல் சுவர் தடித்துப்போன பங்கு மட்டும் முழுசாகத் திரும்பாது. அந்த ஒவ்வாமை உடம்பிலேயே இருக்கும் என்பதால் பழைய தூசிக்குப் போனால் நோயும் பழையபடி வரும்.

இப்போது ஓட்டத்துக்கு வருவோம். குதிரை வாயால் மூச்சுவிடாது, மூக்கு ஒன்றுதான் வழி. ஓய்வில் நிமிடத்துக்கு 8 முதல் 16 மூச்சு, ஒரு மூச்சுக்குச் சுமார் 5 லிட்டர் என்று நிமிடத்துக்கு 60 லிட்டர் வாக்கில் காற்று போய்வரும். நாலுகால் பாய்ச்சலில் அதே குதிரை நிமிடத்துக்கு 120 மூச்சு வரை எடுத்து, 1,500 லிட்டருக்கு மேல் உள்ளே இழுக்கும். இன்னொரு விஷயத்தைக் குதிரை வைத்திருப்பவர்களில்கூடப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். பாய்ச்சலில் குதிரையின் மூச்சு அதன் கையில் இல்லை, காலில் இருக்கிறது. ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு என்று இரண்டும் பூட்டிக்கொள்ளும். நொடிக்கு இரண்டு தாவல் போட்டால் ஒரு மூச்சுக்கு அரை நொடி, அதில் வெளியே விடக் கால் நொடிதான் கிடைக்கும். ஆஸ்துமா குதிரைக்குக் கஷ்டம் காற்றை இழுப்பதில் அல்ல, வெளியே தள்ளுவதில். சுருங்கிய குழல் வழியாகக் காற்று வெளியேற அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைப் பாய்ச்சல் கொடுக்காது. பழைய காற்று உள்ளேயே தங்கும், புதுக் காற்றுக்கு இடமில்லை, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். நல்ல குதிரைக்கே உச்ச ஓட்டத்தில் ஆக்சிஜன் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். நோயுள்ளதுக்கு அதைவிடச் சீக்கிரம், அதைவிட ஆழமாக இறங்கும். நடையில் இந்தப் பூட்டு கிடையாது. குதிரைக்காரர்கள் டிராட் என்று சொல்லும் மெதுவோட்டத்திலும் பூட்டு தளர்வாகத்தான் இருக்கும், தன் மூச்சைத் தானே நீட்டிக்கொள்ள முடியும். இந்த நோயில் நடைக்கும் பாய்ச்சலுக்கும் உள்ள வித்தியாசம் வேகத்தின் வித்தியாசம் மட்டும் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, "ஓட்டினால் நெஞ்சு திறக்கும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அது முழுப் பொய்யும் இல்லை. வேலை தொடங்கியதும் உடம்பில் அட்ரினலின் ஏறுகிறது, அது குழல் தசையைத் தளர்த்தும். குலுங்கி நடக்கும்போது சளி நகர்கிறது, தலையைத் தாழ்த்தி நாலு இருமல் இருமினால் கொஞ்சம் வெளியே வருகிறது. பத்து நிமிடம் கழித்து முதலில் இருந்ததைவிட இலகுவாக மூச்சு விடுவதை நீங்களே பார்க்கலாம். பார்த்தவர் நம்பத்தான் செய்வார். ஆனால் குதிரை லாயத்துக்குத் திரும்பி அதே வைக்கோலில் மூக்கை நுழைத்ததும் குழல் மறுபடி சுருங்கத் தொடங்கிவிடும்.

சில வருடங்களுக்கு முன் அடிவாரம் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பழுப்புக் குதிரை ஒன்றைப் பார்க்கப் போனேன். வைத்திருந்தவர் தினம் விடியற்காலை வற்றிய ஏரியில் அதை நாலுகால் பாய்ச்சலில் விட்டுக்கொண்டிருந்தார். "ஓட வெச்சா கோழை கழண்டு வந்துரும்னாங்க சார், மூணு வாரமா ஓட்டுறேன், முன்னைவிட மோசமாத்தான் இருக்குது" என்றார். குதிரையின் விலாவுக்குக் கீழே கையை வைத்துப் பார்த்தேன். கடைசி விலா எலும்பிலிருந்து அடிவயிறு வரை சரிவாக ஒரு பள்ளமும் மேடும், விரலை வைத்தால் விரல் உட்காரும். மாதக்கணக்கில் வயிற்றுத் தசையால் அழுத்தி அழுத்திக் காற்றை வெளியே தள்ளியதில் அந்தத் தசை தடித்து விழுந்த கோடு அது. மூச்சை விடும்போது வயிறு இரண்டு முறை இறங்கியது, முதலில் தானாக, அப்புறம் ஒரு தள்ளு. லாயத்தின் பின்சுவர் அரை உயரம்தான், அதற்கு அந்தப் பக்கம் முழு வைக்கோல் போர். கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் விழுந்த இடத்தில் ஒரு கை வைக்கோலை உதறிக் காட்டினேன். புகை மாதிரி எழுந்தது, அடங்க நெடுநேரம் ஆயிற்று. "இதைத்தான் இது ராத்திரி முழுக்க மூச்சா இழுக்குது அண்ணா" என்றேன். அந்த மனிதர் வேறு எதுவும் கேட்கவில்லை. அன்று மாலையே போரை இடம் மாற்ற ஆள் கூப்பிட்டுவிட்டார். பாய்ச்சலை நிறுத்தினோம், குதிரையைப் பகலிரவு புங்கமரத்தடியில் கட்டினோம், மருந்தும் கொடுத்தோம். ஒன்றரை மாதத்தில் ஓய்வு மூச்சு 30-லிருந்து 14-க்கு வந்தது. நடை தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஒரு குதிரையின் கதையை வைத்து விதி எழுத முடியாது, தெரியும். ஆனால் அது எந்த வரிசையில் தேறியதோ அதே வரிசையில்தான் மற்றவையும் தேறுவதைப் பார்த்திருக்கிறேன். முதலில் காற்று, அப்புறம் மூச்சு, கடைசியில் ஓட்டம்.

நிச்சயமானது எது, சந்தேகமானது எது என்று பிரித்துவிடுகிறேன். பயிற்சியால் குதிரையின் இதயமும் தசையும் ரத்தமும் பலப்படும் என்பது நிச்சயம். நுரையீரல் அப்படிப் பலப்படாது என்பதும் நிச்சயம். எவ்வளவு ஓட்டினாலும் அதன் அளவோ திறனோ சொல்லும்படி கூடுவதில்லை. அதனால் ஆஸ்துமா குதிரைக்குப் பயிற்சி தரும் லாபம் சுற்றுவழியில் வருவது. தசை தேறினால் அதே மேட்டை ஏறக் குறைந்த சிரமம் போதும், வெளியேற்ற வேண்டிய கரியமில வாயுவும் குறையும், நுரையீரலுக்குச் சுமை இறங்கும். எடை கூடாமல் இருக்கும், மனமும் சோராது. நோய் அடங்கியிருக்கும் காலத்தில் அளவான பயிற்சி கெடுதல் செய்வதில்லை என்பதும் அனுபவத்தில் உறுதியானது. அளவான பயிற்சி மூச்சுக்குழலின் அழற்சியையே தணிக்கும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மனித ஆஸ்துமாவில் அதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. குதிரைகளில் இதைப் பார்த்த ஆய்வுகள் சில தலை குதிரைகளை மட்டும் வைத்துச் செய்தவை, அதை நம்பித் திட்டம் போட நான் சொல்ல மாட்டேன். நோய் கிளம்பியிருக்கும்போது கடுமையாக ஓட்டினால் கெடுதல் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. ஆக்சிஜன் இறங்கிய நிலையில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறும், இதயத்தின் வலப்பக்கம் அதற்கு எதிராகத் தள்ள வேண்டியிருக்கும்.

ஆகவே ஓட்டுவதற்கு முன் லாயம். வைக்கோலோ காய்ந்த புல்லோ கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அரைமணி நேரம் தண்ணீரில் முழுக ஊறவைத்து, வடித்து, உடனே போடுங்கள். நம் ஊர் வெயிலில் காலையில் ஊறவைத்து மாலைக்கு வைத்தால் புளித்துவிடும், அது வேறு வம்பு. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பசுந்தீவனம் இன்னும் நல்லது, தூசியே இல்லை. ஆனால் எல்லோரும் சுலபமாக வளர்க்கும் கோ-4 புல்லை மட்டும் மாதக்கணக்கில் குதிரைக்குப் போடாதீர்கள். கம்பு நேப்பியர் வகையில் ஆக்சலேட் அதிகம், அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவிடும். மாட்டின் வயிறு அதைச் சமாளிக்கும், குதிரையின் வயிறு சமாளிக்காது, எலும்பு கெடும். குதிரைமசால் (லூசர்ன்) தீவனத்தைக் கலந்து கொடுங்கள். கொள்ளு, தவிடு எதையும் உலர்வாக வைக்காமல் நனைத்து வையுங்கள். உயரத்தில் வலை கட்டித் தீவனம் போட்டால் தூசி நேராக மூக்கில் கொட்டும், தரையோடு வைத்தால் தலை தாழும், சளி தானே வழியும். படுக்கைக்கு வைக்கோலும் உமியும் வேண்டாம். குதிரை உள்ளே இருக்கும்போது லாயத்தைப் பெருக்காதீர்கள். இதெல்லாம் முடியவில்லை என்றால் ஒன்று மட்டும் செய்யுங்கள்: வெளியே கட்டுங்கள். மழைக்கு ஒரு கூரையும் வெயிலுக்கு ஒரு வேம்பும் இருந்தால் சேலத்தில் குதிரை வருடம் முழுக்க வெளியே இருக்கலாம். குளிர்நாட்டுக்காரர்களுக்கு இந்த வசதி இல்லை. பக்கத்தில் ஜவ்வரிசி ஆலையின் திப்பி (மரவள்ளிக் கிழங்குச் சக்கை) காயும் களமோ, மாக்னசைட் வெட்டும் பகுதியின் வெள்ளைத் தூசியோ இருந்தால் மட்டும் காற்று வரும் திசையைப் பார்த்து இடம் தேர்ந்தெடுங்கள்.

தினமும் ஒரு கணக்கு எழுத வேண்டும். விடியற்காலை, தீவனம் வைக்கும் முன், குதிரைக்குத் தெரியாமல் தள்ளி நின்று விலாவின் அசைவை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 16-க்குள் இருந்து, வயிறு தள்ளாமல், மூக்குத்துளை விரியாமல் இருந்தால் அது நல்ல நாள். 20-ஐத் தாண்டினாலோ, எண்ணிக்கை குறைவாக இருந்தும் வயிறு தள்ளினாலோ அன்று சேணம் வேண்டாம். 24-க்கு மேல் போனால், மூக்கு விரிந்து கழுத்தை நீட்டி நின்றால், நடையும் வேண்டாம், டாக்டரைக் கூப்பிடுங்கள். மதியத்தில் எண்ணாதீர்கள். சித்திரை வெயிலில் நல்ல குதிரையே உடம்புச் சூட்டைத் தணிக்க வேகமாக மூச்சுவிடும்.

தொடர்ந்து இரண்டு வாரம் நல்ல நாளாக இருந்தால் கையில் பிடித்து 20 நிமிடம் சமதளத்தில் நடை, வாரத்துக்கு ஐந்தாறு நாள். இன்னும் இரண்டு வாரம் கழித்து, 15 நிமிட நடைக்குப் பிறகு ஒரு நிமிட மெதுவோட்டம், நடை, மறுபடி ஒரு நிமிடம். அவசரப்படாமல் கூட்டுங்கள். தூசி பறக்கும் ஏரித் தரையும் லாரி ஓடும் மண் சாலையும் வேண்டாம். ஒரு நிமிட ஓட்டத்தில் ஓய்வைப் போலப் பல மடங்கு காற்றோடு அந்தத் தூசியும் உள்ளே போகிறது என்பதை மறக்கக் கூடாது. ஓட ஆரம்பித்ததும் ஒன்றிரண்டு இருமல் வந்தால் கடிவாளத்தைத் தளர்த்தித் தலையைத் தாழ்த்த விடுங்கள். சளி கழன்று அடங்கினால் தொடரலாம், அடங்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். ஓட்டத் தொடக்கத்தில் தினமும் இருமுகிறது என்றால் காற்று இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம். வேலை முடிந்து பத்து நிமிடத்தில் நாடித்துடிப்பு 60-க்குக் கீழே வர வேண்டும், தாடைக்கு அடியில் விரல் வைத்துப் பார்க்கலாம். அரைமணியில் மூச்சு பழைய எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வர வேண்டும். வரவில்லை என்றால் நேற்றைய அளவுக்குத் திரும்புங்கள். பாய்ச்சலைப் பற்றி ஆறு மாதத்துக்கு யோசிக்க வேண்டாம். ஊர்வலத்துக்கும் சவாரிக்கும் அது தேவையும் இல்லை.

மருந்து பற்றி இரண்டே வார்த்தை. ஸ்டீராய்டு ஊசி போட்ட மறுவாரம் குதிரை கன்றுக்குட்டி மாதிரி துள்ளும். தூசி அப்படியே இருந்தால் அந்தத் துள்ளலை நம்பி ஓட்டாதீர்கள். ஸ்டீராய்டால் சில குதிரைகளுக்குக் குளம்பு அழற்சி வரும் என்பதால் டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் நீட்டவும் கூடாது. மாத்திரையாகக் கொடுக்கச் சொன்னால் பெயரை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். பிரெட்னிசோலோன் குதிரைக்கு வேலை செய்யும், பிரெட்னிசோன் குடலில் சரியாக ஏறாது. குழலைத் தளர்த்தும் கிளென்பியூட்டரால் மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் அதன் வேகம் குறைந்துவிடும்.

இதெல்லாம் உங்கள் குதிரைக்கு இருப்பது ஆஸ்துமாதான் என்றால். ஆரம்ப வருடங்களில் ஒரு வண்டிக் குதிரைக்கு இருமல் என்று இரண்டு மாதம் ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். அது பக்கத்து வீட்டுச் சலவைக் கழுதைகளோடு மேய்வதை நான் கேட்கவே இல்லை. கழுதையின் நுரையீரல் புழு குதிரைக்கு வந்தால் இப்படித்தான் இருமும். கழுதைக்குப் பெரும்பாலும் இருமலே இருக்காது. புழு மருந்தில் சரியானதை இரண்டு மாதம் இழுத்தடித்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. அதனால் கேட்கிறேன்: உங்கள் குதிரை கழுதைகளோடு மேய்கிறதா? காய்ச்சல் உண்டா? ஆஸ்துமாவில் காய்ச்சல் வராது. 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் வேறு நோய். ஓட்டத்துக்குப் பிறகு கழுத்தில் வியர்க்கிறதா? நம் வெயிலில் வியர்வையே நின்றுபோகும் குதிரைகள் உண்டு, அவை மூச்சிரைப்பதைப் பார்த்து நெஞ்சு நோய் என்று நினைத்துவிடுவார்கள். ஈறு வெளுத்து, விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்து, மெலிந்துகொண்டே போனால் சர்ரா என்ற, ஈ கடித்துப் பரவும் ரத்த ஒட்டுண்ணி நோய்க்கு ரத்தம் பார்க்க வேண்டும். மூக்கில் பிசுபிசுவென்று மஞ்சள் ஒழுக்கோ தோலில் கட்டியோ புண்ணோ இருந்தால் முதலில் கிளாண்டர்ஸ் என்ற பாக்டீரியா நோய்க்குப் பரிசோதனை. அது மனிதருக்கும் தொற்றும், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய். பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனையில் ரத்தம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், முடிவு வரும்வரை தனியாகக் கட்டுங்கள். சந்தேகம் தீராவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கம். குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப் வசதி அன்றைக்குக் கிடைக்குமா என்று போன் செய்து கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள்.

கடைசியாக ஏற்காடு. வெயில் இல்லை என்பது உண்மையான லாபம், உடம்புச் சூட்டைத் தணிக்க மூச்சைச் செலவழிக்க வேண்டியதில்லை. ஆனால் அது 1,500 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான். நல்ல குதிரை அதைப் பொருட்படுத்தாது, அடைபட்ட நுரையீரல் பொருட்படுத்தும். எங்கே நடந்தாலும் மேடு. மழைக்காலத்து மூடுபனியில் சேர்த்துவைத்த வைக்கோல் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும், அதோடு குளிருக்குப் பயந்து லாயத்தை அடைத்தும் வைப்பார்கள். கீழே விட்டுவந்த நோயை அங்கே இரட்டிப்பாக வாங்கிக்கொண்ட மாதிரி ஆகும். சுற்றுலாச் சவாரியும் இந்தக் குதிரைக்கு ஏற்றதல்ல. நின்ற இடத்திலிருந்து சூடேறாமல் ஐந்து நிமிட ஓட்டம், மறுபடி நிற்பது, நாள் முழுக்க இப்படியே. முதலில் கீழேயே மூன்று மாதம் காற்றைச் சரிசெய்து காலைக் கணக்கை எழுதுங்கள். எண் இறங்கி நிலையாக இருந்தால் மழை முடிந்து தை மாதத்தில் கொண்டுபோகலாம், போன முதல் இரண்டு வாரம் வெறும் நடை. மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அது நடந்து ஏற வேண்டாம், வண்டியில் ஏற்றுங்கள். வண்டியில் தலையை உயரக் கட்டிவிடாதீர்கள். தலையைத் தாழ்த்தி இருமும் அளவுக்குக் கயிற்றைத் தளர்வாக விட்டு, வண்டித் தரையில் வைக்கோல் பரப்பாமல் ரப்பர் விரிப்பு போட்டு, பாதி வழியில் ஒருமுறை நிறுத்தி மூச்சை எண்ணிப் பாருங்கள்.